எடுத்தால் தவறில்லை, மறைத்தால் தவறு



பள்ளிப் பிள்ளைகள் கணினியில் தாமே அசையும் படம் செய்யக் கற்றுக்கொள்ளும் காலம் இது. சிங்கப்பூரில் 2014ஆம் ஆண்டு தொடங்கிய 'கோட் ஃபார் ஃபன்' என்னும் நிரலாக்கத் திட்டம், 2020 முதல் உயர்தொடக்கநிலை மாணவர் அனைவருக்கும் உரியதாயிற்று. மலேசியாவில் 2017ஆம் ஆண்டு படிவம் ஒன்றில் 'ஆசாஸ் சைன்ஸ் கொம்புத்தர்' என்னும் அடிப்படைக் கணினி அறிவியல் பாடம் அறிமுகமானது. இரு நாட்டு வகுப்பறைகளிலும் பிள்ளைகளின் கை படும் மென்பொருள்களுள் ஒன்று 'ஸ்க்ராட்ச்'. அதில் ஒரு பூனையை நடக்க வைக்கலாம், குதிக்க வைக்கலாம், பேச வைக்கலாம்.

பிள்ளை அதைப் பெருமையோடு கொண்டுவந்து காட்டும்போது வீட்டில் எழும் முதல் கேள்வி ஒன்று உண்டு. "இதை நீயே செய்தாயா, யாரையாவது பார்த்துச் செய்தாயா?"

பெரும்பாலான வேளைகளில் இதற்கு உண்மையான பதில் "இரண்டும்தான்" என்பதே. ஆனால் அந்தப் பதிலைச் சொல்லப் பிள்ளைக்குத் துணிவு வருவதில்லை. பார்த்துச் செய்தேன் என்றால் திட்டு விழுமோ என்ற அச்சம். அதனால் "நானேதான் செய்தேன்" என்று சொல்லிவிடுகிறது. ஒரு சிறு பொய் அங்கே பிறக்கிறது. அந்தப் பொய்க்கு உண்மையில் தேவையே இல்லை என்பதுதான் இன்றைய உரையின் கருத்து.

பகிர்வதற்கென்றே பிறந்த கருவி

ஸ்க்ராட்ச் மென்பொருள் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஊடக ஆய்வுக்கூடத்தில் பேராசிரியர் மிட்செல் ரெஸ்னிக் தலைமையிலான குழுவினரால் உருவாக்கப்பட்டு, 2007ஆம் ஆண்டு மே மாதம் பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டது. 8 வயது முதல் 16 வயது வரையிலான பிள்ளைகளை மனத்தில் கொண்டு செய்யப்பட்ட கருவி அது. கட்டளைகளை எழுத வேண்டியதில்லை. வண்ணக் கட்டைகளை ஒன்றின் கீழ் ஒன்றாகப் பொருத்தினால் போதும். இன்று உலகெங்கும் 10 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகள் அதில் பதிவாகியுள்ளன.

அதன் பெயரிலேயே அதன் நோக்கம் இருக்கிறது. இசைத்தட்டை முன்னும் பின்னுமாகக் கையால் தேய்த்து, பழைய பாட்டிலிருந்து புதிய ஒலியை எழுப்பும் இசைக் கலைஞர்கள் உண்டல்லவா? அந்தத் தேய்ப்புக்கு ஆங்கிலத்தில் ஸ்க்ராட்ச் என்று பெயர். இருப்பதை எடுத்துப் புதியது செய்யலாம் என்ற எண்ணத்தில்தான் இந்த மென்பொருளுக்கும் அப்பெயரை வைத்தார்கள்.

ஒரு பிள்ளை தன் படைப்பைப் பகிர்ந்துவிட்டால், அதை உலகின் எந்த மூலையிலிருக்கும் பிள்ளையும் திறந்து பார்க்கலாம். படத்தை மட்டுமல்ல, அதை ஓட்டுகிற கட்டளைகளையும் பார்க்கலாம். 'ரீமிக்ஸ்' என்ற ஒரு பொத்தானை அழுத்தினால் அதன் படி ஒன்று பார்த்தவரின் கைக்கு வந்துவிடும். அதை அவர் விரும்பியபடி மாற்றி வெளியிடலாம்.

இதற்குச் சட்ட வடிவமும் உண்டு. பகிரப்படும் படைப்புகள் 'கிரியேட்டிவ் காமன்ஸ்' உரிமத்தின் கீழ் வருகின்றன. அந்த உரிமம் இரண்டே நிபந்தனைகளை முதன்மையாக வைக்கிறது. ஒன்று, எடுத்தவர் மூலவரின் பெயரைச் சொல்ல வேண்டும். இரண்டு, அதைக்கொண்டு தாம் செய்ததையும் அதே உரிமத்தில் மற்றவர்களுக்குத் திறந்துவிட வேண்டும். ஆக, எடுப்பதற்கு அனுமதி முன்பே கிடைத்துவிட்டது. அதற்கு ஈடாகக் கேட்கப்படுவது பணமன்று; பெயரைச் சொல்வதும், பெற்றதைப் போலவே பிறருக்குக் கொடுப்பதுமே.

ஒரு குதிப்பு, இரண்டு பிள்ளைகள்

எடுத்து மாற்றுவது சோம்பேறித்தனமா, கல்வியா? ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம்.

ஒரு மாணவி பூனை குதிக்கும் விளையாட்டு ஒன்றைச் செய்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பூனை சட்டென்று மேலே போய்ச் சட்டென்று கீழே வந்தால் அது குதிப்பதுபோல் இராது. மேலே போகப் போக வேகம் குறைய வேண்டும். உச்சியில் ஒரு கணம் நின்றதுபோல் தோன்ற வேண்டும். பிறகு வேகம் கூடிக்கொண்டே கீழே விழ வேண்டும். அதற்கு அவள் 'வேகம்' என்று ஒரு பெட்டி வைக்கிறாள். பொத்தானை அழுத்தியதும் அதில் 12 என்ற எண் விழும். ஒவ்வொரு நொடித்துகளிலும் பூனை அந்த எண் அளவுக்கு மேலே நகரும். பிறகு அந்த எண்ணில் ஒன்று குறையும். 12, 11, 10 என்று ஏறிக் கடைசியில் 1. கூட்டிப் பார்த்தால் பூனை ஏறிய உயரம் 78 புள்ளிகள். அதன்பின் எண் சுழியத்துக்குக் கீழே போகும், பூனை இறங்கும். திரையின் மொத்த உயரம் 360 புள்ளிகள் என்பதால் இது கண்ணுக்கு அளவான குதிப்பு. அந்த 12 என்ற எண்ணைக் கண்டுபிடிக்க அவள் பலமுறை முயன்றிருப்பாள்.

இதை ஒரு மாணவன் எடுக்கிறான். பூனைக்குப் பதிலாக ஒரு விண்வெளி வீரனை வரைகிறான். நிலாவில் ஈர்ப்பு குறைவு என்று அறிவியல் பாடத்தில் படித்தது நினைவுக்கு வருகிறது. ஒவ்வொரு முறையும் 1 குறைவதை 0.2 குறைவதாக மாற்றுகிறான். ஓட்டிப் பார்த்தால் வீரன் திரையைவிட்டே மேலே போய்விடுகிறான்! ஏன்? கூட்டிப் பார்த்தால் உயரம் 366 புள்ளிகள், திரையோ 360தான். எனவே தொடக்க வேகத்தை 12இலிருந்து 5 ஆக்குகிறான். இப்போது வீரன் 65 புள்ளி உயரத்துக்கு 25 படிகளில் மெல்ல மிதந்து ஏறுகிறான். பூனை 12 படிகளில் உச்சியைத் தொட்டுவிடும். உயரம் கிட்டத்தட்ட அதேதான். நேரம் மட்டும் இரண்டு மடங்கு. நிலா திரைக்கு வந்துவிட்டது.

இந்த மாணவன் திருடினானா? இல்லை. அவன் ஒரு பாடம் கற்றான். வெறும் வகுப்புரையில் எளிதில் மனத்தில் பதியாத பாடம் அது. ஆனால் அந்தப் பாடத்துக்கு ஆசிரியை அந்த முகம் தெரியாத மாணவிதான். அவள் வைத்த பெட்டி இல்லையென்றால் அவன் தொடங்கியே இருக்க மாட்டான்.

இது ஊகம் மட்டுமன்று. ஸ்க்ராட்ச் பயன்படுத்துவோரின் பதிவுகளைக் கொண்டு 2016இல் வெளியான ஓர் ஆய்வு, மற்றவர் படைப்பை எடுத்து மாற்றிப் பழகுவோரின் கையில் அதிக வகையான கட்டளைகள் சேர்கின்றன என்று காட்டியது. எத்தனை படைப்புகளைச் செய்தார்கள் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பின்னும் அந்தத் தொடர்பு நிலைத்தது.

பிள்ளைகளின் மனக்குறை

அப்படியானால் சிக்கல் எங்கே வந்தது? தொடக்கத்திலேயே வந்தது. தம் படைப்பு வேறொருவர் பெயரில் நிற்பதைப் பார்த்த பிள்ளைகள் மனம் நொந்தார்கள். "என்னுடையதை எடுத்துவிட்டான்" என்று முறையிட்டார்கள். உரிமம் அனுமதிக்கிறது, சரி. ஆனால் இரவெல்லாம் உட்கார்ந்து செய்த பத்து வயதுப் பிள்ளைக்கு உரிமத்தின் வாசகமா தெரியும்? அதற்குத் தெரிந்தது தன் பூனை மட்டும்தான்.

இதற்கு ஒரு தொழில்நுட்பத் தீர்வு கொண்டுவரப்பட்டது. ஒருவர் இன்னொருவரின் படைப்பை எடுத்து மாற்றி வெளியிட்டால், இது இன்னாருடைய படைப்பை அடிப்படையாகக் கொண்டது என்ற வரியைக் கணினி தானாகவே சேர்த்துவிடும். யாரும் மறக்கவும் முடியாது, மறைக்கவும் முடியாது. சிக்கல் தீர்ந்தது என்றுதான் எவரும் எண்ணுவார்கள்.

ஆனால் தீரவில்லை. 2011ஆம் ஆண்டு, அந்தச் சமூகத்தை வடிவமைத்தவர்களுள் ஒருவரான ஆந்த்ரேஸ் மொன்ராய் எர்னாந்தெஸ் மற்ற மூன்று ஆய்வாளர்களோடு சேர்ந்து ஓர் ஆய்வுக்கட்டுரையை வெளியிட்டார். கணினியால் நன்றி சொல்ல இயலாது என்னும் பொருள்பட அதற்குத் தலைப்பிட்டார்கள். படைப்புகளின் கீழ் வந்த மறுமொழிகளை எண்ணிப் பார்த்தார்கள். 12 பேரை விரிவாகப் பேட்டி கண்டார்கள். கிடைத்த முடிவு வியப்பானது. கணினி தானாக எழுதிய வரியிலும், எடுத்த பிள்ளை தன் கையால் எழுதிய வரியிலும் இருப்பது அதே பெயர், அதே தகவல். ஆயினும் இரண்டும் ஒன்றாக மதிக்கப்படவில்லை. பிள்ளை எழுதிய வரிக்குத்தான் மதிப்பு அதிகம்.

ஏன் இப்படி? கல்யாண வீட்டு மொய்ப் பட்டியலை எண்ணிப் பாருங்கள். பட்டியலில் பெயர் இருக்கிறது என்பதற்காக மனம் நிறைந்துவிடுகிறதா? வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து "வந்தீர்களே, ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லும்போதுதான் நிறைகிறது. கணினியின் வரி பட்டியலைப் போன்றது. பிள்ளையின் வரி வாசலில் சொல்லும் வார்த்தையைப் போன்றது. முதலாவது, எங்கிருந்து வந்தது என்பதற்குப் பதிவு. இரண்டாவது, எடுத்தவர் அதை உணர்ந்திருக்கிறார் என்பதற்குச் சான்று.

கணினிக்குத் தெரியாதவை

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கணினிக்கு எல்லாம் தெரிந்துவிடுவதில்லை. முழுப் படைப்பையும் பொத்தானை அழுத்தி எடுத்தால் அதற்குத் தெரியும். ஆனால் ஸ்க்ராட்சில் 2013ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து ஒரு முதுகுப்பை வசதி இருக்கிறது. மற்றவர் படைப்பிலிருந்து ஒரு சிறு கட்டளைத் தொகுதியை மட்டும் பிடித்து அந்தப் பையில் போட்டு, தன் படைப்பில் கொட்டிக்கொள்ளலாம். திரையைப் பார்த்துக் கட்டை கட்டையாகத் தானே அடுக்கியும் கொள்ளலாம். இப்படி எடுத்ததற்குக் கணினி எழுதும் வரி எதுவும் வராது. அங்கே பிள்ளையின் நேர்மை ஒன்றுதான் காவல்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். ஒருவன் ஒரு படைப்பை எடுத்து, படம், இசை, கட்டளை எல்லாவற்றையும் நீக்கிவிட்டு முழுக்கத் தன்னுடையதையே வைத்திருப்பான். கணினி அப்போதும் "இது இன்னாருடையதை அடிப்படையாகக் கொண்டது" என்றே சொல்லும். எது எடுத்தது, எது சேர்த்தது என்பதைப் பிரித்துச் சொல்ல மனிதனால்தான் முடியும்.

அப்படிச் சொல்வதற்கென்றே ஒவ்வொரு படைப்பின் பக்கத்திலும் குறிப்புகளுக்கும் நன்றிக்குமான ஒரு கட்டம் தரப்பட்டிருக்கிறது. அதில் எழுத வேண்டியவை மூன்றே செய்திகள். யாரிடமிருந்து எடுத்தது? எந்தப் பகுதியை எடுத்தது? தான் மாற்றியது என்ன? நிலாவில் குதிக்க வைத்த மாணவன் இப்படி எழுதலாம்: "குதிக்கும் கட்டளைகளை இன்னாரின் பூனை விளையாட்டிலிருந்து எடுத்தேன். வேகத்தை 5 ஆக்கி, ஒவ்வொரு முறையும் 0.2 குறையும்படி மாற்றினேன். விண்வெளி வீரன் நான் வரைந்தது. அருமையான கட்டளைகளைப் பகிர்ந்ததற்கு நன்றி."

நான்கே வரிகள். இதில் மூலவருக்கு மரியாதை இருக்கிறது. எடுத்தவனின் உழைப்பும் மறையவில்லை. உண்மையில் இப்போதுதான் அது தெளிவாகத் தெரிகிறது. நன்றி சொன்னால் தன் பெருமை குறைந்துவிடும் என்று அஞ்சும் பிள்ளைகளுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டும். எடுத்ததைப் பிரித்துக் காட்டினால்தான் கொடுத்ததும் தெரியும்.

இங்கே பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை. நன்றியில் எழுத வேண்டியது அந்தச் சமூகத்தில் வழங்கும் புனைபெயரை மட்டுமே. நண்பனின் உண்மைப் பெயர், பள்ளி, தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதிவிடக் கூடாது.

பகிர்கிறவருக்கும் கடமை உண்டு

எடுப்பவருக்கு மட்டும்தான் அறிவுரையா? பகிர்கிறவருக்கும் உண்டு. அம்புக்குறிப் பொத்தானை அழுத்தினால் பூனை இடமும் வலமும் நகர்வது யாருடைய சொத்தும் அன்று. பழமொழியைப் போல அது எல்லாருக்கும் பொது. இரண்டு பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பாராமலே ஒரே குதிப்பை எழுதியிருக்கவும் கூடும். பதிப்புரிமைச் சட்டமும் எண்ணத்தைக் காப்பதில்லை. அந்த எண்ணம் வெளிப்பட்ட வடிவத்தையே காக்கிறது. எனவே, ஒன்றுபோல் இருக்கிறதே என்றவுடன் "திருடன்" என்ற சொல்லை வீசிவிடக் கூடாது. கற்றுக்கொள்ள வந்த சிறு பிள்ளையின்மேல் அந்தச் சொல் விழுந்தால், அது கணினியை மூடிவிட்டுப் போய்விடக்கூடும். "கட்டளைகளைப் பயன்படுத்தியதில் மகிழ்ச்சி, குறிப்பில் பெயரைச் சேர்க்க முடியுமா?" என்று கேட்டாலே பெரும்பாலும் போதும். பல பிள்ளைகள் நன்றி எழுதாதது அகந்தையால் அன்று. எழுத வேண்டும் என்று யாரும் சொல்லித் தராததால்தான்.

தனக்கு உரிமையில்லாததைப் பகிர்வதும் தவறு. சினிமாப் பாட்டையும் கார்ட்டூன் நாயகனின் படத்தையும் தன் படைப்பில் சேர்த்து, எல்லாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தால், இல்லாத பொருளைத் தானம் செய்ததுபோல்தான்.

தேர்வு வேறு, பட்டறை வேறு

நம் வீடுகளில் "பார்த்து எழுதாதே" என்பது சிறு வயது முதல் சொல்லி வளர்க்கும் பாடம். தேர்வு மண்டபத்தில் அது முற்றிலும் சரி. அங்கே அளக்கப்படுவது ஒருவரின் தனி அறிவு. ஆனால் தச்சுப் பட்டறையிலும் சமையற்கட்டிலும் பார்க்காமல் யார் கற்றது? இசை கற்கும் பிள்ளை குருவின் பாட்டைத்தான் முதலில் பாடுகிறது. "யாரிடம் பாடம்?" என்று சபையில் கேட்டால் குருவின் பெயரைத் தலைநிமிர்ந்து சொல்கிறது. நிரல் எழுதக் கற்பதும் பட்டறைக் கல்வியே.

ஆகவே ஆசிரியர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பிள்ளையின் படைப்பைப் பார்த்ததும் "பார்த்துச் செய்தாயா?" என்று கேட்பதைவிட, "எதை எடுத்தாய், எதை மாற்றினாய், ஏன் மாற்றினாய்?" என்று கேட்கலாம். எண்ணை மாற்றிய மாணவன் நிலாவைப் பற்றிச் சொல்வான். ஒன்றும் மாற்றாமல் பெயரை மட்டும் மாற்றியவன் விழிப்பான். உண்மையைக் கண்டுபிடிக்க அதைவிட நல்ல வழி இல்லை. மதிப்பெண் தரும்போது நன்றிக்குறிப்புக்கென இரண்டு மதிப்பெண் ஒதுக்கினால், ஒரே பருவத்தில் அது பழக்கமாகிவிடும்.

இந்தப் பழக்கம் பெரியவர்களின் உலகிலும் தேவைப்படுகிறது. நிரல் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இப்போது பரவியுள்ளன. பிறர் எழுதிப் பகிர்ந்த ஏராளமான நிரல்களைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டவை அவை. பெயரைச் சொல்ல வேண்டும் என்ற உரிமத்தில் பகிரப்பட்ட நிரல்கள் பெயரின்றி வெளிவருகின்றன என்று கூறி, 2022ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அமெரிக்காவில் நிரலாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். பத்து வயதுப் பிள்ளைகள் 2007இல் எழுப்பிய அதே முறையீடுதான், பதினைந்து ஆண்டுகள் கழித்து நீதிமன்ற வாசலில் நின்றது. கருவியிடம் கேட்டு வாங்கிய நிரலானாலும் அப்படித்தான் வாங்கியது என்று சொல்லும் பிள்ளை, உண்மையோடு இருக்கிறது.

தமிழருக்கு இது புதிய பண்பும் அன்று. சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்களுக்குச் சில புலவர்களின் பெயர் கிடைக்கவில்லை. அதற்காகப் பாடலைப் பெயரில்லாமல் விட்டுவிடவும் இல்லை, வேறொருவர் பெயரில் எழுதிவிடவும் இல்லை. பாடலில் வந்த அழகிய தொடரையே எடுத்து, செம்புலப்பெயனீரார் என்று புலவருக்குப் பெயராகச் சூட்டினார்கள். பெயர் தெரியாதவருக்கே பெயர் தேடிக் கொடுத்த மரபு அது. பெயர் திரையிலேயே தெரியும்போது அதை எழுதுவதற்கு என்ன தடை?

பெற்றோர்களே, அடுத்த முறை பிள்ளை ஓர் அசையும் படத்தைக் கொண்டுவந்து காட்டினால், முதலில் ரசித்துப் பாருங்கள். பிறகு "இதில் யாருக்கெல்லாம் நன்றி சொன்னாய்?" என்று கேளுங்கள். கட்டம் காலியாக இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து எழுத வையுங்கள். முகம் தெரியாத ஏதோ ஓர் ஊரில், அந்த வரியைப் படிக்கும் இன்னொரு பிள்ளை அடுத்த படைப்பையும் மனமுவந்து பகிரும்.